மழை எந்தக் கட்சிங்க? – வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல "2024 டிசம்பர் மழையில யாரு மேல தப்புன்னு உங்களுக்கு தோணுது"ன்னு ஒத்த வரி போட்டிருந்தேன், அவ்ளோதான், கடுதாசி, வாட்ஸ்அப், ஆபீஸ் வாசல்லயே நிறுத்தி கேட்டவங்கன்னு ஒரு வாரம் நிம்மதியா டீ குடிக்க முடியல. வந்ததுல பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டை எல்லாம் ஒரு பையில கட்டி வச்சிருக்கேன், தேர்தல் சமயத்துல ரெண்டு கட்சிக்கும் ஆளுக்கு பாதியா பிரிச்சு குடுத்துடலாம்.

மறந்தவங்களுக்கு சின்னதா சொல்லிடறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறுச்சு, ஏறுனது நகராம மணிக்கணக்கா அங்கயே உக்காந்துச்சு, அப்புறம் மேற்கால மெதுவா நடந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, நம்ம சேலத்து சேர்வராயன் மலைன்னு கொட்டித் தீத்துட்டு போச்சு. அப்ப ஆளுங்கட்சி திமுக, எதிர்க்கட்சித் தலைவர் நம்ம மாவட்டத்து எடப்பாடி பழனிசாமி, டெல்லியில பாஜக. ஆக மூணு பேருக்கும் திட்டறதுக்கு ஆள் இருந்துச்சு. இப்ப கேள்விக்கு வருவோம்.

கே: மழை ஆண்டவன் குடுக்கறது. எவன் ஆண்டாலும் அது பெஞ்சிருக்கும். அதுக்கு போய் அரசாங்கத்தை திட்டறது எந்த ஊரு நியாயம்? – ஒரு வாசகர், ஆத்தூர்

ப: பெஞ்சிருக்கும்தாங்க. ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ, அரூர்ல 33 செ.மீ, இதை எந்த முதலமைச்சர் வந்து குடை பிடிச்சு நிறுத்த முடியும்? ஆனா மழை மட்டுந்தான் ஆண்டவன் கணக்கு, அந்த தண்ணி போற பாலமும் மதகும் வாய்க்காலும் மனுசன் கணக்கு, ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதக்கூடாது.

நம்ம ஊர்ல இது ரொம்ப பழைய சண்டை. 1956 நவம்பர்ல அரியலூர் பக்கம் மருதையாத்துல வெள்ளம், ரயில் பாலம் பேந்து போயி தூத்துக்குடி போற வண்டி ஆத்துக்குள்ள விழுந்துடுச்சு, நூத்துக்கு மேல செத்துப் போனாங்க. வெள்ளம் இயற்கைதான, ஆனா ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணாரு. அதுக்கு மூணு மாசம் முன்னாடி மகபூப்நகர் ரயில் விபத்துக்கும் ராஜினாமா குடுத்தாரு, நேரு வாங்கிக்கல, இந்த தடவை வாங்கிக்கிட்டாரு. அடுத்த வருசம் தேர்தல், திமுக எழுப்புன கோஷம் எங்க தாத்தா காலத்து ஆளுங்களுக்கு இன்னைக்கும் வாயில இருக்கு, "அரியலூர் அழகேசா, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா"ன்னு. ஓ.வி.அழகேசன் அப்ப ரயில்வே துணை மந்திரி. பாருங்க, மந்திரியா இருந்த சாஸ்திரிக்கு நல்ல பேரு நின்னுச்சு, எதுகைக்கு வசதியா பேரு வச்சிருந்த துணை மந்திரிக்கு கோஷம் நின்னுச்சு. பழி போடறதுல நம்மாளுங்களுக்கு நியாயத்தை விட சந்தம் முக்கியம்னு அப்பவே முடிவாயிடுச்சு.

அதனால திட்டறது தப்பில்லைங்க. எதுக்கு திட்டறோம்னு தெரிஞ்சு திட்டணும், அவ்ளோதான்.

கே: 2015 சென்னை வெள்ளத்துல செம்பரம்பாக்கம் ஏரியை திறந்தப்ப திமுக "மனுசன் பண்ண வெள்ளம்"னு சொன்னாங்க. 2024-ல தென்பெண்ணையில சாத்தனூர் அணையை திறந்தப்ப அதிமுக அதே வசனத்தை சொன்னாங்க. யார் சொல்றது உண்மை? – ஒரு வாசகர், தாரமங்கலம்

ப: அண்ணா, நீங்க கேட்டதுலயே பாதி பதில் இருக்கு. வசனம் அதேதான், நாற்காலி மட்டும் மாறிடுச்சு. 2015-ல "வரலாறு காணாத மழை, நாங்க என்ன பண்றது"ன்னு சொன்னவங்க 2024-ல "ராத்திரியோட ராத்திரியா சொல்லாம திறந்துட்டீங்க"ன்னாங்க, 2015-ல "கொலை"ங்கிற அளவுக்கு பேசினவங்க 2024-ல "வரலாறு காணாத மழை, திறக்கலைன்னா அணையே போயிருக்கும்"னாங்க. சட்டசபையிலயும் இதே வாக்குவாதம்தான், எங்க பசங்க யாராவது ரெண்டு வருசத்து பேச்சையும் பக்கத்து பக்கத்துல ஒட்டி படிச்சா அரசியல் அறிவியல் பாடத்துக்கு தனியா டியூசன் வேண்டாம்.

ஆனா ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டு கையை உதறிட்டு போயிடவும் கூடாது. செம்பரம்பாக்கத்துல 29,000 கன அடி திறந்தது பத்தி அரசாங்க கணக்கை தணிக்கை பண்ற சி.ஏ.ஜி.யோட அறிக்கை இருக்கு, 2018 ஜூலைல சட்டசபையில வச்சாங்க, அது மனுசத் தப்பால வந்த பேரிடர்னு எழுதுச்சு. அதாவது திறந்து ரெண்டரை வருசம் கழிச்சு காகிதத்துக்கு வந்துச்சு. சாத்தனூர்ல அளவு வேற, 2024 டிசம்பர் 2 விடியக்காலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி போச்சு. நீர்வளத்துறை அமைச்சரா இருந்த துரைமுருகன் "அஞ்சு தடவை எச்சரிக்கை குடுத்தோம்"னாரு, எடப்பாடி பழனிசாமி "மக்களுக்கு சொல்லவே இல்ல"ன்னாரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உண்மை பேசியிருக்கலாம்ங்க, அதுதான் இதுல வேடிக்கை. எச்சரிக்கை ஆபீஸ்ல இருந்து ஆபீஸுக்கு போயிருக்கும், கடைசி ஆபீஸ்ல இருந்து ஆத்தோரத்து வீட்டு கதவுக்கு போயிருக்காது.

மேட்டூர் பக்கத்து ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். காவிரியில என்ன நடக்குது? கர்நாடகத்துல கபினி, கே.ஆர்.எஸ் அணைங்க நிரம்பி திறந்தா முதல்ல எல்லையில பிலிகுண்டுலுல அளக்கறாங்க, அது ஒகேனக்கல் தாண்டி மேட்டூர் வந்து சேர நேரம் இருக்கு, அதுக்குள்ள 16 கண் மதகு திறக்கப் போறோம்னு சொல்லி, மைக்ல அறிவிச்சு, பூலாம்பட்டியில படகை நிறுத்தி, துணி துவைக்கிறவங்களை எல்லாம் மேல ஏத்தி விட்டுடறாங்க. பல வருசமா பழகிப்போன வேலை. தென்பெண்ணையில அந்த பழக்கம் கம்மி, நேரமும் கம்மி. ஊத்தங்கரையில பெஞ்சது பாம்பாறு வழியா இறங்குது, நம்ம ஏற்காட்டு மலையில பெஞ்சது ஒரு பக்கம் வாணியாறா அரூர் பக்கம் போயி அதுவும் தென்பெண்ணையிலதான் விழுது, எல்லாம் சேந்து சாத்தனூருக்கு மணிக்கணக்குல வந்து நிக்குது. அதாவது நாம இங்க ஜன்னல் வழியா வேடிக்கை பாத்த மழைல ஒரு பங்கு கடலூர்ல எவன் வீட்டுக்குள்ளயோ போயிருக்கு, இதை நினைச்சா எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கு.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன், இல்லைன்னா டேம் இன்ஜினியருங்க சண்டைக்கு வருவாங்க. டிசம்பர்ல புயல் வருதுன்னு முன்னாடியே பாதி அணையை காலி பண்ணி வச்சா, புயல் வேற பக்கம் திரும்பிட்டா, ஏப்ரல்ல "தண்ணியை கடல்ல விட்ட துரோகி"ன்னு அதே இன்ஜினியரை திட்டுவோம். நிறைச்சு வச்சாலும் திட்டு, காலி பண்ணாலும் திட்டு. அதனால நிறைச்சது தப்பான்னு கேக்கறதை விட, எத்தனை மணிக்கு எவ்ளோ வரத்து இருந்துச்சு, எத்தனை மணிக்கு எவ்ளோ திறந்தாங்க, எந்தெந்த ஊருக்கு எத்தனை மணிக்கு சொன்னாங்க, அந்த பதிவேட்டை முழுசா வெளிய வைங்கன்னு கேக்கலாம். அதை எதிர்க்கட்சியா இருக்கறப்ப எல்லாரும் கேப்பாங்க, ஆளுங்கட்சி ஆனதும் அந்த பதிவேடு எங்க இருக்குன்னே மறந்துடும்.

கே: நீங்க எந்தக் கட்சி? – ஒரு வாசகர், ஓமலூர்

ப: மேட்டூர் டேம் நிரம்புனா ஆளுங்கட்சி, கரண்ட் போச்சுன்னா எதிர்க்கட்சி.

கே: விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்கு ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபா குடுத்தாங்க. எங்க மலைக்கு ஒண்ணும் இல்ல. சேலம் அதிமுக மாவட்டம்ங்கறதாலயா? – ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

ப: இந்த கேள்வி மட்டும் எட்டு பேரு அனுப்பியிருக்கீங்க, அதுல ஒருத்தர் பச்சை மையில அடிக்கோடு எல்லாம் போட்டிருக்காரு. 2021-ல சேலம் மாவட்டத்துல 11 தொகுதியில 10 அதிமுக கூட்டணிக்கு போச்சு, சேலம் வடக்கு ஒண்ணுதான் திமுக, அதனால சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனா அந்த கணக்கு சரியா உக்காரலைங்க. 2,000 குடுத்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துல கள்ளக்குறிச்சி தொகுதி 2021-ல அதிமுக ஜெயிச்சதுதான். கட்சி பாத்து குடுத்திருந்தா அங்கயும் விட்டிருக்கணும்.

எனக்கு தோணுற காரணம் வேற, அது கட்சி சண்டையை விட மோசம். அந்த 2,000 யாருக்குன்னு அறிவிப்புல சொன்னாங்க, ரெண்டு நாளைக்கு மேல தண்ணி சூழ்ந்து வாழ்வாதாரம் போன குடும்பத்துக்கு. தண்ணி சூழணும். இப்ப சொல்லுங்க, நாகலூர்ல எங்க தண்ணி சூழும்? மலையில தண்ணி நிக்காதுங்க, நிக்காம எதையாவது எடுத்துட்டு கீழ போயிடும். மிளகுக்கொடி ஏத்துன மரத்தை எடுத்துட்டு போகும், வீட்டுக்கு பின்னாடி கட்டுன கல்லு சுவத்தை எடுத்துட்டு போகும், ரோட்டுல பாதியை எடுத்துட்டு போகும், காலையில வெயில் அடிக்கும், போட்டோ எடுத்தா பச்சைப் பசேல்னு டூரிஸ்ட் விளம்பரம் மாதிரி இருக்கும். சமவெளியில இடுப்பளவு தண்ணில நிக்கற பாட்டி போட்டோவுக்கு முன்னாடி இது எங்க நிக்கும்? அடிவாரம் ரோட்டுலயும் குப்பனூர் ரோட்டுலயும் மண்ணும் பாறையும் விழுந்து, பஸ் நின்னு, எஸ்டேட் கூலி வேலைக்கு போறவங்களுக்கு அத்தனை நாளும் சம்பளம் இல்ல, காய்கறி கீழ இறக்க வழியில்ல, இதுவும் வாழ்வாதாரம் போனதுதான், ஆனா அந்த விதிமுறைல "தண்ணி சூழ்ந்து"ன்னுதான இருக்கு, "ரோடு அறுந்து"ன்னு இல்லையே.

பயிர் நிவாரணமும் பாருங்க. 33 சதவீதத்துக்கு மேல சேதம்னா பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, பல்லாண்டு பயிருக்கும் மரத்துக்கும் 22,500, மானாவாரிக்கு 8,500. கேக்க நல்லாதான் இருக்கு. நெல்லு மூழ்கினா அடுத்த போகத்துக்கு நாத்து விடலாம், மிளகுக்கொடியும் காப்பிச் செடியும் மண்ணோட போனா திரும்ப காய்க்க வருசக்கணக்காகும், வித்தியாசம் வெறும் 5,500 ரூபா. அதை வாங்கவும் சிட்டா, அடங்கல் வேணும், வி.ஏ.ஓ வந்து பாத்து எழுதணும், மலைல பழங்குடி ஜனங்க தலைமுறையா உழற நிலத்துல எத்தனைக்கு அவங்க பேர்ல பட்டா இருக்கு? அனுபோகத்துல இருக்கற நிலத்துக்கு சேதமே நடக்காத மாதிரிதான் கணக்கு போகும்.

அதனால நாகலூர்க்காரரே, உங்களை எதிர்க்கட்சி மாவட்டம்னு விட்டாங்கன்னு நீங்க சொன்னா அவங்களுக்கு ரொம்ப வசதி, "அரசியல் பண்றாங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. மலைக்கு தனி விதிமுறை எழுதுங்கன்னு கேட்டா அப்படி முடிக்க முடியாது. உங்க எம்.எல்.ஏ எந்தக் கட்சியா இருந்தாலும் அவர்கிட்ட இதை எத்தனை தடவை கேட்டிருக்கீங்கன்னும் பதில் எழுதுங்க, போடறேன்.

கே: டிவியில ஏன் எங்க மழையை காட்டவே இல்ல? – ஒரு வாசகி, வெள்ளக்கடை

ப: டிவிக்காரங்க எல்லாம் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு மெரினாவுல நின்னாங்கம்மா. புயல் அவங்களை கேக்காம இந்தப் பக்கம் வந்துடுச்சு. புயல்னாலே கடற்கரை சமாச்சாரம்னு நாமளும்தான் நினைச்சோம், மலை மேல இருக்கறவன் புயல் எச்சரிக்கைக்கு பயந்து மெழுகுவத்தி வாங்கி வச்ச கதை உண்டா?

கே: ஏன் சார் இதை தேசிய பேரிடரா அறிவிக்கல? அறிவிச்சிருந்தா காசு கொட்டியிருக்கும்ல? – ஒரு கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

ப: தம்பி, "தேசிய பேரிடர்"னு அறிவிக்கறதுக்கு சட்டத்துல இடமே இல்ல. 2005 பேரிடர் மேலாண்மை சட்டத்தை நீயே எடுத்து படிச்சு பாரு. இருந்தும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி எல்லாரும் "தேசிய பேரிடரா அறிவி"ன்னு கேப்பாங்க, டெல்லியில இருக்கறவங்க "அப்படி ஒண்ணு கிடையாது"ன்னு சொல்லுவாங்க, 2023-ல தூத்துக்குடி, நெல்லை வெள்ளத்தப்ப நிர்மலா சீதாராமன் பிரஸ் மீட் வச்சே சொன்னாங்க. டெல்லி சொன்னது சட்டப்படி சரிதான். அதே சமயம் "கடுமையான தன்மை கொண்ட பேரிடர்"னு ஒரு வகை இருக்கு, கேரளாவுல வயநாட்டுல 2024 ஜூலையில மலை சரிஞ்சதை அந்த வகையில சேத்தது டிசம்பர் கடைசில.

இப்ப காசு. மாநில பேரிடர் நிதின்னு ஒண்ணு இருக்கு, அதுல நம்ம மாதிரி மாநிலத்துக்கு 75 பங்கு மத்திய அரசு, 25 பங்கு மாநிலம். இது நிதிக்குழு முன்னாடியே நிர்ணயம் பண்ணது, வருசா வருசம் ரெண்டு தவணையா வரும், வெள்ளம் வந்தாலும் வரும், வரலைன்னாலும் வரும். ஃபெஞ்சலுக்கு முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் உடனடியா 2,000 கோடி கேட்டாரு, மத்திய அரசு 944.80 கோடி விடுவிச்சுது, பேப்பர்ல எல்லாம் "தமிழகத்துக்கு வெள்ள நிவாரணம்"னு வந்துச்சு. அது புதுசா குடுத்த காசு இல்ல, அந்த வருசத்துக்கு வரவேண்டிய ரெண்டு தவணையை சேத்து குடுத்தது. மாமனார் தீபாவளிக்கு சீர் குடுக்கறேன்னு சொல்லி உன் சம்பளத்தை உன் கையிலயே குடுத்த மாதிரின்னு வச்சுக்கோயேன். அதே சமயம் அவசரத்துக்கு ரெண்டு தவணையும் ஒண்ணா கைக்கு வந்துச்சுல்ல, அதையும் இல்லைன்னு சொல்லக்கூடாது.

தனியா கூடுதலா வர்றது தேசிய பேரிடர் நிதில இருந்து. அங்கதான் கேக்கறதுக்கும் வர்றதுக்கும் சம்பந்தமே இருக்காது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், தென் மாவட்ட வெள்ளம் ரெண்டுக்கும் சேத்து மாநிலம் கேட்டது 37,000 கோடிக்கு மேல, மாநிலம் சுப்ரீம் கோர்ட்டுக்கே போச்சு, 2024 ஏப்ரல்ல வந்தது சுமார் 276 கோடி. சரி, அது வேற கட்சி, டெல்லிக்கு பிடிக்கல, அதனால குடுக்கலைன்னு சொல்லுவ. 2018-ல கஜா புயலுக்கு போ. மாநிலத்துல அதிமுக, டெல்லியோட நல்ல உறவு. கேட்டது கிட்டத்தட்ட 15,000 கோடி, ஒப்புதல் ஆனது 1,146 கோடி. நண்பனுக்கும் பத்துல ஒரு பங்கு கூட இல்ல. கேக்கறவங்க நிரந்தரமா கட்டவேண்டிய ரோடு, பாலம், மின்கம்பம் எல்லாத்தையும் சேத்து கேக்கறாங்க, குடுக்கறவங்க விதிமுறை பட்டியல்ல உடனடி நிவாரணம்னு இருக்கறதை மட்டும் பெருக்கி பாத்து குடுக்கறாங்க, இது ரெண்டு பேருக்கும் நல்லாவே தெரியும், தெரிஞ்சும் ஒருத்தர் பெரிய எண்ணை மைக்ல சொல்றாரு, இன்னொருத்தர் சின்ன எண்ணை மைக்ல சொல்றாரு. நடுவுல எதுக்குன்னே தெரியாம நாம ஒரு பக்கம் கை தட்டறோம். நிர்ணயிச்ச அந்த விதிமுறை தொகையே போதாதுன்னு ஒரு சண்டை போடலாம், அது நியாயமான சண்டை, ஆனா அதுக்கு கோஷம் எழுதறது கஷ்டம்.

கே: எங்க எடப்பாடியார் ஆட்சியில இருந்திருந்தா இந்த அவலம் நடந்திருக்குமா? நேர்மையா சொல்லுங்க. – ஒரு வாசகர், கொங்கணாபுரம்

ப: நேர்மையாவே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கஜா வந்த ராத்திரிக்கு முன்னாடி அவரு அரசாங்கம் ஜனங்களை முகாமுக்கு கொண்டு போன வேலையை நல்லாதான் செஞ்சுது, எதிர்க்கட்சித் தலைவரா இருந்த ஸ்டாலினே அன்னைக்கு பாராட்டினாரு, இப்ப யாராவது அப்படி பாராட்டினா கட்சியில நோட்டீஸ் வரும். ஆனா புயல் போன மறுநாள்ல இருந்து கதை மாறுச்சு. தென்னை எல்லாம் சாஞ்சு கிடக்கு, கரண்ட் இல்ல, தண்ணி இல்ல, முதலமைச்சர் நாலு நாள் கழிச்சு ஹெலிகாப்டர்ல வந்தாருன்னு திட்டு, அமைச்சருங்களை ஊருக்குள்ள விடாம மறிச்சாங்க.

ஆறு வருசம் கழிச்சு 2024 டிசம்பர் 3, விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டுல அமைச்சர் பொன்முடி மேல சேத்தை அள்ளி வீசினாங்க. இதை கிச்சிப்பாளையத்துல இருந்து ஒரு அம்மா தனியா கேட்டிருந்தாங்க, சேறு அடிச்சது சரியான்னு. சரியில்லைம்மா. ஆனா அது எந்தக் கட்சிக்காரன் ஏவி விட்டதுன்னு உடனே தேட ஆரம்பிச்சாங்க பாருங்க, அதுவும் சரியில்ல. கஜாவுல மறிச்சவங்களை "எதிர்க்கட்சி தூண்டுதல்"னு சொன்னாங்க, இங்கயும் அதேதான். ரெண்டு ஊர்லயும் ஜனங்களுக்கு கோவம் வர்றதுக்கு காரணம் கண்ணு முன்னாடி கிடந்துச்சு, தூண்டிவிட தனியா ஆள் வேணுமா என்ன.

கே: எங்க சொந்தக்காரங்க வயநாட்டுல எஸ்டேட் வேலைக்கு போனவங்க. அங்க "ஏழு நாள் முன்னாடியே எச்சரிச்சோம்"னு டெல்லி சொன்னுச்சு, "இல்லவே இல்ல"ன்னு கேரளா சொன்னுச்சு. நாளைக்கு எங்க மலை சரிஞ்சாலும் இப்படித்தான் பேசுவாங்களா? – ஒரு வாசகி, மஞ்சக்குட்டை

ப: பேசுவாங்கம்மா, அதுல சந்தேகமே வேண்டாம்.

2024 ஜூலை 30 விடியக்காலை முண்டக்கை, சூரல்மலை போச்சு, 200 பேருக்கு மேல. மறுநாளே அமித் ஷா ராஜ்யசபாவுல "ஜூலை 23-லயே சொன்னோம்"னாரு. அப்ப கேரள முதலமைச்சரா இருந்த பினராயி விஜயன் "வானிலை மையம் குடுத்தது ஆரஞ்சு எச்சரிக்கைதான், 115-ல இருந்து 204 மி.மீ வரைக்கும்னு சொன்னாங்க, பெஞ்சது 48 மணி நேரத்துல 572 மி.மீ, ரெட் அலர்ட் வந்தது மலை சரிஞ்ச பிறகு காலை 6 மணிக்கு"ன்னாரு. எச்சரிக்கைங்கற ஒத்த வார்த்தைக்குள்ள எத்தனை பொருள் ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க. மாவட்டம் முழுக்க ஒரு கலர் அடிச்சு சொல்றதும் எச்சரிக்கைதான், உங்க வீட்டு வாசல்ல வந்து "அக்கா, புள்ளைங்களை எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு வாங்க"ன்னு சொல்றதும் எச்சரிக்கைதான். முதல்ல சொன்னது சண்டைக்கு உதவும், ரெண்டாவதுதான் உசுருக்கு உதவும்.

சேர்வராயன் மலை வயநாடு மாதிரி இல்லதான். அதுக்காக பயப்பட வேண்டாம்னும் சொல்ல மாட்டேன், திருவண்ணாமலையில டிசம்பர் 1 மலையடிவாரத்து வீடு மேல பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேரு போனாங்க, அந்த தீபமலையில நிலச்சரிவு வரும்னு அதுக்கு முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம். நம்ம மலையில சரிவை செங்குத்தா வெட்டி ரிசார்ட்டுக்கு வழி போடற ஜே.சி.பி. எந்த ஆட்சியில ஓடல? அதுல மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒத்துமை.

கே: எங்க தெருவுல ஒவ்வொரு மழைக்கும் ஓடைத்தண்ணி வீட்டுக்குள்ள வருது. கவுன்சிலரை திட்டறதா, எம்.எல்.ஏ.வை திட்டறதா, கலெக்டரையா? – ஒரு வாசகி, பச்சப்பட்டி

ப: அம்மா, எங்க சின்னம்மா வீடும் திருமணிமுத்தாறுல போய் சேர்ற ஒரு ஓடை ஓரத்துலதான், அதனால இதுல எனக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம். ஒரு வருசம் மழைக்கு முன்னாடி தூர் வாரச் சொல்லி நானும் சித்தப்பாவும் மனு எடுத்துட்டு போனோம். ஒரு ஆபீஸ்ல ஓடை எங்களது, அதுக்கு குறுக்க இருக்கற சின்ன பாலம் அவங்களதுன்னாங்க. அந்த ஆபீஸ்ல பாலம் எங்களது, அதுல அடைச்சிருக்கற குப்பை எங்களது இல்லன்னாங்க. குப்பைக்காரங்க, ஓடைக்குள்ள இறங்கறது எங்க வேலை இல்லன்னாங்க. மூணு பேரும் பொய் சொல்லல, அதான் கொடுமை.

சட்டப்படி மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு தலைவர் கலெக்டர். இணைத்தலைவரா மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சித் தலைவர் ஒருத்தர் இருக்கணும்னும் சட்டத்துல இருக்கு, அப்படி ஒருத்தர் இருக்காருன்னு எந்த வெள்ளத்துலயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? திட்டு எல்லாம் நேரா முதலமைச்சருக்கு போயிடுது, இல்லைன்னா பிரதமருக்கு, நடுவுல இருக்கறவங்க மேல ஒரு சொட்டு கூட விழாது, நல்லா குடை பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. என்னைக் கேட்டா ஆகஸ்ட் மாசமே போயி திட்டுங்க, டிசம்பர்ல திட்டினா அவங்களுக்கு "இயற்கை"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும், ஆகஸ்ட்ல அது இல்ல. காஞ்ச ஓடையை தேதியோட போட்டோ எடுத்து, மனு குடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைங்க. எங்க சித்தப்பா கிட்ட இப்ப அந்த மாதிரி பதினோரு சீட்டு இருக்கு, ஒரு தடவை தூர் வாரினாங்க, வாரின மண்ணை கரையிலயே போட்டுட்டு போனாங்க, அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ள இறங்கிடுச்சு.

ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லிடறேன், சின்னம்மா இந்த இதழ் படிப்பாங்க, பரவாயில்ல. அவங்க வீட்டு சிமெண்ட் படிக்கட்டு ஓடைக்குள்ள மூணு அடி இறங்கித்தான் நிக்குது. அதை இடிக்க வந்தப்ப எல்லாக் கட்சிக்காரங்களும் சேந்து வந்து தடுத்து நிறுத்தினாங்க, அன்னைக்கு அவங்களுக்கு காப்பி போட்டு குடுத்ததே நான்தான்.

கே: இவ்ளோ பேசறீங்களே, மழை அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? – பேரு போடாத கடுதாசி

ப: கன்னங்குறிச்சியில என் வீட்டுல, வாழைக்காய் பஜ்ஜி தின்னுக்கிட்டு டிவியில சாத்தனூரை பாத்துக்கிட்டு இருந்தேன். ஏற்காட்டுல இருந்து சிநேகிதன் போன் பண்ணி "மாப்ள, ரோடு இல்லடா"ன்னான், சும்மா கதை விடாதடான்னு சொல்லிட்டு வச்சுட்டேன், அப்புறம் கூப்பிட்டா டவரும் இல்ல, கரண்டும் இல்ல. மூணாம் நாள் பாலு, பிரெட்டு, ஒரு பெட்டி மெழுகுவத்தி எல்லாம் வாங்கி வண்டியில வச்சுக்கிட்டு கிளம்பினேன், அடிவாரத்துலயே நிறுத்திட்டாங்க, இன்னும் மண்ணு அள்றாங்க, போகக்கூடாதுன்னு. பால் திரிஞ்சு போச்சு. மெழுகுவத்திப் பெட்டி இன்னும் வண்டி டிக்கியிலதான் இருக்கு.